மௌன அஞ்சலியின்போது மனத்தில் எதை நினைத்து நிற்பது?

"போரில் இறந்த வீரர்களுக்கு ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்கிறார்கள். நானும் நிற்கிறேன். ஆனால் மனத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை, நடிப்பதுபோல் கூச்சமாக இருக்கிறது. இதற்கு ஏதேனும் பொருள் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாணவராகவோ, அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவராகவோ இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். அந்தக் கூச்சம் உங்கள் குற்றம் அன்று. யாருக்காக நிற்கிறோம் என்பதைச் சொல்லாமலேயே உங்களை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். நான் படையில் பணியாற்றியவன் அல்லன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்றாலும், அந்த நிமிடத்தை ஒருமுறை என் கையாலேயே குலைத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் ஆறாததால்தான் இதை எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், எங்கள் வட்டாரச் சங்கம் ஒன்று தேசிய தின நிகழ்ச்சி நடத்தியது. அறிவிப்பாளர் பொறுப்பு என்னுடையது. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கு முன்பாக, நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று இருந்தது. சிறப்பு விருந்தினர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததால், மேடையில் இருந்தவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அனைவரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். இருபது நொடிகூட ஆகியிருக்காது, "நன்றி, அமரலாம்" என்று சொல்லிவிட்டு விருந்தினரின் பெருமைகளைப் படிக்கத் தொடங்கினேன். நாற்காலிகள் நகரும் ஓசை அடங்கியபோதுதான் கவனித்தேன். நான்காவது வரிசையில் ஒருவர் மட்டும் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் என் அப்பா.

பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் அவர் உட்காரவில்லை. நான் படித்துக்கொண்டே இருந்தேன், அவர் நின்றுகொண்டே இருந்தார். தமக்குரிய நிமிடம் முடிந்ததும் மெதுவாக அமர்ந்தார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் ஒருவர்தான் அன்று சரியாக நடந்துகொண்டவர் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தும், வாசிப்பை நிறுத்தும் துணிவு எனக்கு வரவில்லை.

அப்பா மலேசியத் தரைப்படையின் ரெஞ்சர் படைப்பிரிவில் இருந்தவர். 1970களில் கெரிக்கிற்கு அப்பால், தாய்லாந்து எல்லையை ஒட்டிய காடுகளில், கம்யூனிஸ்டுப் போராளிகளைத் தேடிச் சென்ற அணிகளில் பணியாற்றினார். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில், நான் மன்னிப்புக் கேட்டபோதுதான் முதல்முறையாகச் சொன்னார். அவருக்கு முன்னால் நடந்த தோழர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். நண்பகல் தாண்டியிருந்தது. மழை மேகம் இறங்கிவிட்டதால் நூரி ஹெலிகாப்டர் மறுநாள் காலையில்தான் வர முடியும் என்று செய்தி வந்தது. எதிரி எந்தப் புதருக்குள் இருக்கிறான் என்று தெரியாத இடத்தில் நெருப்பு மூட்டக்கூடாது, புகைபிடிக்கக்கூடாது, பேசக்கூடாது. "விடியும்வரை அவன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். உனக்கு ஒரு நிமிடம் நீளமாகப் போய்விட்டதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது. பிறகு அந்தத் தோழரின் பெயரைச் சொன்னார். அவருடைய குடும்பத்தார் இருக்கிறார்கள், ஆகவே அதை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அன்று முதல், எங்கே மௌன அஞ்சலி என்றாலும் அந்தப் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நிற்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் விடை அதுதான். வீரர்கள் என்ற பன்மையை நினைக்க முயலாதீர்கள், அது எவருக்கும் பிடிபடாது. ஒரே ஒருவரை நினையுங்கள். இந்த வழக்கம் உலகெங்கும் பரவக் காரணமானவர்களுள் ஒருவரான தென்னாப்பிரிக்கர் பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அப்படி ஒருவரை நினைத்திருக்கக்கூடும் என்றே நான் நம்புகிறேன். முதல் உலகப் போரின்போது, 1918இல், கேப் டவுன் நகரில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் அப்படியே நின்று இறந்தவர்களை நினைத்தார்கள். 1917இல் மகனைப் பிரான்சுப் போர்முனையில் பறிகொடுத்திருந்த ஃபிட்ஸ்பேட்ரிக், அதையே போர் முடிந்த நாளில் எங்கும் கடைப்பிடிக்கலாம் என்று லண்டனுக்கு எழுதினார். 1919 நவம்பர் 11 அன்று, காலை 11 மணிக்கு, மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வேண்டுகோளின்படி இரண்டு நிமிட மௌனம் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு எதற்கு என்று இங்கே ஒருவர் எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மனக்குறையை நான் தள்ளிவிடவில்லை. 1945இல் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்த பிரிட்டிஷார், அங்கே கடற்கரையில் எழுப்பப்பட்டிருந்த இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதை நானும் மறக்கவில்லை. அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் எத்தனையோ பேர். ஆனால் இறந்தவனின் பெயரைக் கல்லில் பொறித்து அதன்முன் நிற்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை, நடுகல் நட்டவர்கள் நாம். நம் சகோதர சமயத்தார் சிலர் மௌனத்துக்குப் பதிலாகப் பிரார்த்தனை செய்து நினைவுகூர்கிறார்கள். அதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக மலாயாவில் முன்பு நிலவிய அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்ததால் அந்த நாளையே மலேசியாவில் வீரர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று எந்த வகையில் நினைத்தாலும் நினைப்பது நல்லது.

எனக்கு உள்ள ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு, வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். அது வேண்டியதுதான். அதே பாதையில் மாண்ட நம் தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. என் அம்மாவின் பெரியப்பாவும் அங்கே போய்த் திரும்பாதவர். அவர் வீரர் அல்லர், சீருடை அணிந்தவர் அல்லர், ஆகவே எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். அப்பாவின் தோழருடைய பெயரைச் சொன்ன பிறகு, நேரம் இருந்தால், அவர் பெயரையும் நான் சொல்லிக்கொள்வதுண்டு. இதைத் தவறு என்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கு பாடாங் கோத்தா லாமாவில், முதன்முதலில் 1929இல் எழுப்பப்பட்ட போர் நினைவுத் தூணின்முன் நவம்பர் மாதத்தில் நடக்கும் அஞ்சலியை ஒருமுறை போய்ப் பாருங்கள். எக்காளத்தில் லாஸ்ட் போஸ்ட் என்னும் படை அஞ்சலி இசையை ஊதி முடிந்ததும் மௌனம் தொடங்குகிறது, மறுபடி எக்காளம் எழும்போதுதான் முடிகிறது. இடையில் எவரும் "நன்றி, அமரலாம்" என்று சொல்ல முடியாது. எக்காளம் இல்லாத மண்டபத்தில் கைக்கடிகாரத்தையாவது பாருங்கள். அறுபது நொடி என்றால் அறுபது நொடி. அதற்குமுன், யாருக்காக நிற்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நான் அதன்பின் நடத்திய ஒவ்வொரு பள்ளி நிகழ்ச்சியிலும் அப்படித்தான் செய்தேன். முன்வரிசைச் சிறுவர்கள்கூட நெளியாமல் நின்றார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி நினைக்க ஒரு பெயர் இல்லையென்றால், ஒரு காலைப் பொழுதில் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் இரயிலிலேயே போகலாம். அடையாளம் காணப்படாதவர்களின் கற்கள் மட்டும் அங்கே 500க்கும் மேல் உள்ளன. அவற்றுக்கிடையே பெயருள்ள கல் ஒன்றின்முன் நின்று, அந்தப் பெயரையும் வயதையும் வாசித்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுந்து நிற்கச் சொல்லும்போது அவருக்காக நில்லுங்கள். தைப்பிங்கில் எந்நேரமும் மழை வரும், குடை எடுத்துச் செல்லுங்கள்.