கேப்டனிடம் தோற்ற ஜெனரல்

கேள்வி: பஞ்சாப் முன்னாள் முதல்வர் கேப்டன் அமரீந்தர் சிங் போல ராணுவத்தில் இருந்தவர்கள் அரசியலுக்கு வந்தால் கட்டுப்பாடு தானாக வந்துவிடும் அல்லவா? தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு கேப்டன் கிடைப்பாரா? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: கேப்டன் கிடைப்பாரா என்று தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்களே, கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லையா? கையில் இருந்தவரை 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாம். 2023 டிசம்பரில் அவர் போனதும் தீவுத்திடலில் வரிசைகட்டி நின்று அழுததும் நாமேதான்.

விஜயகாந்த் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்தவர் இல்லை. 1991-ல் வந்த அவருடைய நூறாவது படத்தின் தலைப்பில் 'கேப்டன்' இருந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்திலும் அவர் ராணுவ அதிகாரி கிடையாது, வனத்துறை அதிகாரி! பனியிலும் மணலிலும் உருண்டு புரண்டு ஏற வேண்டிய படியை நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிடுவார். 'இளைய தளபதி' விஜய்க்கு 2017-ல் பதவி உயர்வு வந்து 'தளபதி' ஆனார். ஸ்டாலினோ அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே தளபதி. ஒரே மாநிலத்தில் இரண்டு தளபதி என்றால் யார் யாருக்கு சல்யூட் அடிப்பது என்று நான் இதே பக்கத்தில் கேட்டதற்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன்.

இதில் எங்கள் ஆபீஸ் சண்டை வேறு. எங்கள் பிழை திருத்துபவர் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரர். 'கேப்டன்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு 'படைத்தலைவர்' என்று எழுதுவார். ஒரு முறை விளையாட்டுப் பக்கத்தில் 'டாஸ் வென்ற இந்தியப் படைத்தலைவர் முதலில் பந்து வீசத் தீர்மானித்தார்' என்று அச்சாகிவிட்டது. போர் மூண்டுவிட்டதா என்று ஒரு வாசகர் போன் செய்து கேட்டார். உங்கள் கேள்வியையும் அவர் ஒரு கை பார்த்திருப்பார். அன்றைக்கு லீவு, தப்பித்தீர்கள்.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். இவர் அசல் கேப்டன்தான். பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்கின் மகன். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் படித்து 1963-ல் சீக்கிய ரெஜிமென்டில் சேர்ந்தார். அப்பா இத்தாலிக்குத் தூதராகப் போகவே, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று 1965 தொடக்கத்தில் ராஜினாமா செய்தார். அதே வருடம் பாகிஸ்தானுடன் போர் வந்தது, ஓடிப்போய்த் திரும்பச் சேர்ந்தார். மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங்கின் உதவி அதிகாரியாக இருந்தார். போர் முடிந்தது, 1966-ல் மறுபடியும் ராஜினாமா. முழுசாக மூன்று வருடம்கூடத் தேறாத சர்வீஸ், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெயருக்கு முன்னால் நிற்கிறது. தப்பில்லை. அதிகாரிதான் ஓய்வு பெறுவார், ரேங்க் ஓய்வு பெறாது என்பார்கள் ராணுவத்தில். போர் என்றதும் அரண்மனையை விட்டுத் திரும்பி ஓடினாரே, அதற்கு நானும் ஒரு சல்யூட் அடிக்கத் தயார்.

ஆனால் கட்டுப்பாடு என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. இவர் பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்த கலை ராஜினாமா. ராஜீவ் காந்தியின் பள்ளித் தோழர். 1980-ல் காங்கிரஸ் எம்.பி. 1984-ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததைக் கண்டித்து எம்.பி. பதவி, கட்சி இரண்டையும் உதறினார். அகாலி தளத்துக்குப் போய் தல்வண்டி சாபோவில் ஜெயித்து மாநில மந்திரி ஆனார். 1992-ல் அகாலியிலிருந்து பிரிந்து தனிக்கட்சி. 1998-ல் அதைக் கொண்டுபோய் காங்கிரஸில் கரைத்தார். 2002-ல் முதல்வர். 2014-ல் அமிர்தசரஸில் அருண் ஜேட்லியை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2016-ல் அந்த எம்.பி. பதவியும் ராஜினாமா. 2017-ல் மறுபடி முதல்வர், 2021 செப்டம்பரில் அதுவும் ராஜினாமா. அப்புறம் காங்கிரஸையும் விட்டார், இன்னொரு தனிக்கட்சி கண்டார், 2022-ல் அதை பாஜகவில் கரைத்தார். நம் ஊரில் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த நாளும் அதே காரில் போவார்கள். இவர் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த வகையில் வேண்டுமானால் ராணுவ ஒழுங்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

2016 ராஜினாமா எதற்கு என்று தெரிந்துகொண்டால் 'தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒருவர்' என்று கேட்டிருக்கமாட்டீர்கள். சட்லெஜையும் யமுனையையும் இணைக்கும் கால்வாய், மொத்தம் 214 கிலோமீட்டர். ஹரியானா தன் பங்கு 92-ஐ வெட்டி முடித்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. பஞ்சாப் தன் பங்கு 122-ஐ முடிக்கவே இல்லை. 1982 ஏப்ரலில் பாட்டியாலா பக்கம் கபூரி கிராமத்தில் இந்திரா காந்தி முதல் மண் வெட்டியபோது கூட நின்ற உள்ளூர் எம்.பி. யார் தெரியுமா? நம் கேப்டனேதான். அகாலிகள் அதை இன்றுவரை குத்திக் காட்டுகிறார்கள். 22 வருடம் கழித்து, 2004-ல் முதல்வராக உட்கார்ந்து, அண்டை மாநிலங்களோடு போட்ட நதிநீர் ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்று சட்டசபையில் ஒரே நாளில் சட்டம் போட்டவரும் அவரேதான். பஞ்சாபில் கொண்டாட்டம். ஹரியானாவில் வயிற்றெரிச்சல்.

அந்தச் சட்டம் சரியா என்று ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். பதில் வர 12 வருடம் ஆயிற்று. (உங்கள் கேள்விக்கு நான் மூன்று வாரத்தில் பதில் எழுதுகிறேன், மறக்க வேண்டாம்.) செல்லாது என்றார்கள் நீதிபதிகள். அப்படிச் சொல்ல அவர்கள் எடுத்து வைத்துக்கொண்ட முன்னுதாரணங்களில் ஒன்று நம்முடைய முல்லைப் பெரியாறு தீர்ப்பு! அணையில் 142 அடி தேக்கலாம் என்று 2006-ல் நீதிமன்றம் சொன்னதும், 136-க்கு மேல் கூடாது என்று கேரளம் அடுத்த மாதமே சட்டம் போட்டதே, 2014-ல் அடித்து நொறுக்கப்பட்டதே, அதே வழக்கு. 2011-ல் கம்பத்திலும் தேனியிலும் ஜனங்கள் தெருவில் இறங்கியதும் அந்த அணைக்காகத்தான். தீர்ப்பு வந்த அன்றே கேப்டன் எம்.பி. பதவியைத் தூக்கிப் போட்டார். மூன்று மாதத்தில் தேர்தல், 117-ல் 77 இடம். அங்கே அது வீரம். அதே வீரத்தைத்தான் கர்நாடகமும் கேரளமும் நம்மிடம் காட்டும்போது நான் இந்தப் பக்கத்தில் இருபது வருடமாகத் தலையில் அடித்துக்கொள்கிறேன். தலைமடையில் இருக்கிறவனுக்குக் கேப்டன் கிடைத்தால் கடைமடைக்காரன் கதி என்ன? நாம் கடைமடை, ஐயா.

நிற்க. 2017 தேர்தலில் எனக்குப் பிடித்த காட்சி இதுவெல்லாம் இல்லை. பாட்டியாலாவில் கேப்டனை எதிர்த்து அகாலி தளம் நிறுத்தியது யாரைத் தெரியுமா? ஜெனரல் ஜே.ஜே. சிங். ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவே இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் சீக்கியர். கேப்டனுக்கு மேலே மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், அப்புறம்தான் ஜெனரல். ஏழு படி! பட்டாளத்தில் எதிரே வந்தால் கேப்டன் விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். ஓட்டு எண்ணியபோது ஜெனரலுக்கு டெபாசிட் போயிற்று. ரேங்க்கைப் பார்த்து ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் அந்த வாக்குச்சாவடிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே ஜெயித்தது கேப்டன் இல்லை, மகாராஜா. அந்த மகாராஜாவையும் 2022-ல் அதே ஊர் 19,873 ஓட்டில் தோற்கடித்தது, ஜெயித்தவர் ஊரின் முன்னாள் மேயர்.

உத்தராகண்டில் முதல்வராக இருந்த மேஜர் ஜெனரல் கண்டூரி என்று ஒருவர். வாஜ்பாய் அமைச்சரவையில் நாற்கரச் சாலை போட்டவர், கறார் பேர்வழி, சுத்தமான கை. 2012-ல் 'கண்டூரி அவசியம்' என்பதையே கோஷமாக்கித் தேர்தலைச் சந்தித்தது பாஜக. கட்சிக்கு 31, காங்கிரஸுக்கு 32. கோட்துவாரில் கண்டூரியே தோற்றார். அவசியம்தான், ஆனால் எங்கள் தொகுதியில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 2015 டிசம்பரில் புனித நூலைக் கையில் ஏந்தி, நாலே வாரத்தில் போதைப் பொருளின் முதுகெலும்பை உடைப்பேன் என்று சத்தியம் செய்தவர் உங்கள் கேப்டன். ஆட்சிக்கு வந்து நாலரை வருடம் கழித்து இறங்கும்போதும் பஞ்சாபில் அதே பேச்சுதான். தலைமைச் செயலகத்துக்கு வருவதில்லை, சிஸ்வான் பண்ணை வீட்டிலேயே இருக்கிறார் என்று சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற வேலூர்ப் பக்கத்துக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அவர் மடித்த கம்பளியின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். ஊருக்குத் திரும்பியதும் பஞ்சாயத்து வார்டுக்கு நின்றார். ரேஷன் கடையில் முண்டியடித்தவர்களை வரிசையில் நிறுத்தி அதட்டினார், போயிற்று பாதி ஓட்டு. மீதிப் பாதி, அவருடைய கேன்டீன் ரம்மை வருடக்கணக்கில் வாங்கிக் குடித்தவர்கள். பெரியப்பா அவர்களைத்தான் நம்பியிருந்தார். எண்ணிப் பார்த்தால் விழுந்த ஓட்டைவிட அவர் கொடுத்த பாட்டில்கூட அதிகம் இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி துணி பேனரைக் கழற்றிக்கொண்டு வந்து, முனையோடு முனை சேர்த்து மடித்து, வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதிய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியைத் திறந்தோம். மடிப்பு கலையவே இல்லை. பேனரில் அவர் பெயர் சின்னதாக இருக்கிறது, அதற்கு முன்னால் 'மிலிட்டரி' என்று இரண்டு மடங்கு எழுத்தில்.