அப்பாவுக்காக அழக்கூடாதா?

கடிதம்:

அண்ணா வணக்கம். அரூர் பக்கத்துல கிராமம், பேரு போட வேணாம். அப்பா போன மாசம் தவறிட்டாரு. காரியம் முடிஞ்ச அடுத்த வாரம் ராத்திரி, அம்மா பழக்கத்துல களி உருண்டை ஒண்ணு சேத்து அப்பா தட்டுல வெச்சிட்டாங்க, அதைப் பாத்துட்டு அழுதுட்டேன். மாமா பக்கத்துல இருந்தாரு. "இவ்ளோ புக்கு படிக்கிறியே, கீதை, புத்தர், எபிக்டெட்டஸ் எல்லாரும் செத்தவங்களுக்கு அழாதன்னு தானடா சொல்றாங்க"ன்னாரு. அப்படியாண்ணா?

பதில்:

தம்பி, மாமா உன் மேல இருக்கற பாசத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா அந்த மூணு பேரையும் ஒரே மூட்டையில கட்ட முடியாது.

கீதை ரெண்டாம் அத்தியாயத்துல கண்ணன், விவரம் தெரிஞ்சவங்க செத்தவங்களுக்காக வருத்தப்பட மாட்டாங்கன்னு சொல்றது நிஜம், ஏன்னா ஆன்மா சாகாது. புத்தர் அதுக்கு நேர் எதிரு, நிலையான ஆன்மான்னே ஒண்ணு இல்லைங்கறாரு. எபிக்டெட்டஸ் ரோமுல அடிமையா இருந்த தத்துவ ஞானி, காலு வேற ஊனம், தன் உடம்பே இன்னொருத்தன் சொத்துன்னு வாழ்ந்த மனுஷன் என் கையில இருக்கறது எது இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாத்து மனசை மட்டும் காப்பாத்திக்கிட்டாரு, அந்தக் கஷ்டம் தெரியாம அவரு சொன்னதை மட்டும் எடுத்து துக்க வீட்டுல சொல்றது எனக்கு சரியா படல.

புத்தர்கிட்ட செத்த பிள்ளையைத் தூக்கிட்டு கிசா கோதமி வந்து மருந்து கேட்டப்ப அவரு அழாதன்னு சொல்லல. சாவே விழாத வீட்டுல ஒரு பிடி கடுகு வாங்கிட்டு வான்னாரு. கடுகு எல்லா வீட்டுலயும் இருக்கு, சாவு விழாத வீடுதான் இல்ல. வாசல் வாசலா நின்னு ஒவ்வொரு வீட்டு சாவையும் கேட்டாளே, அதுதான் அவளுக்கு மருந்து.

சீன ஞானி கன்ஃபூசியஸ், தன் சீடன் யான் ஹுய் செத்தப்ப அடக்க முடியாம அழுதாரு. ரொம்ப அழறீங்களேன்னு கூட இருந்தவங்க சொன்னதுக்கு, இவனுக்கு அழாம வேற யாருக்கு அழறதுன்னு கேட்டாரு. நண்பன் லாசரு செத்தப்ப இயேசு கண்ணீர் விட்டாரு. நபிகள் தன் பிள்ளை இப்ராஹிம் போனப்ப, கண்ணு அழுது, மனசு வேதனைப்படுது, ஆனா இறைவனுக்குப் பிடிக்காத வார்த்தை பேச மாட்டோம்னாரு.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம தர்மபுரிதான் அந்தக் காலத்து தகடூரு. அதியமான் செத்து நடுகல் நட்டாச்சு, மயில் பீலி சூட்டி சின்ன கலத்துல கள்ளு ஊத்துறாங்க. மலையோட சேத்து நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கள்ளை வாங்கிக்குவானான்னு ஔவை புறநானூறுல கேக்கறா, இனிமே எனக்கு காலையும் வேணாம் மாலையும் வேணாம்னு சொல்லிட்டு. இங்க மியூசியத்துல நடுகல் முன்னாடி நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த சின்ன கலம்தான் ஞாபகம் வரும், உன் மெயிலைப் படிச்சதும் அதுவேதான் வந்துச்சு.

அந்த உருண்டையைப் பாத்து நீ அழுததை எழுதியிருக்க, அம்மா என்ன பண்ணாங்கன்னு எழுதல. அவங்க கூட உக்காந்து அப்பாவைப் பத்தி பேசு, அப்புறம் எழுது தம்பி.