பதில்: போன் கேட்டு அழும் மூன்று வயதுப் பையன்

சாப்பிடும்போது போன் கேட்டு அழும் பையனுக்கு நான்கு நாள் அதைக் கொடுக்காமல் சமாளித்து, ஐந்தாம் நாள் கத்தல் தாங்காமல் கொடுத்துவிட்டதாகவும், இப்போது அழுகை இன்னும் கூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த ஐந்தாம் நாள்தான். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம் லேசில் விடாது. உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட புறா ஆய்வுகளிலும் இதேதான்: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா, தீனி நின்ற பிறகும் விடாமல் கொத்தியது. (உங்கள் பையனைப் புறா என்று சொல்லவில்லை!)

சரி, இனி? அடம் பிடிக்கும்போது கொடுக்கவே வேண்டாம். முதலில் அழுகை ஏறும், அப்புறம்தான் இறங்கும். அந்த ஏற்றத்தில்தான் பலரும் தோற்கிறோம். பாட்டி, தாத்தாவிடமும் சொல்லிவையுங்கள். அழாமல் இரண்டு வாய் சாப்பிட்டாலும் அந்த நொடியே பாராட்டுங்கள். ராத்திரி பாராட்டினால் எதற்கென்று அவனுக்குப் புரியாது.