வயிறு கூம்பா இருந்தா பையனா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு இது அஞ்சாவது மாசம். வயிறு கூம்பா நிக்குது, பையன்தான்னு மாமியார் முடிவே பண்ணிட்டாங்க. குழந்தையோட ஹார்ட் பீட் 150க்கு மேல இருக்கு, பொண்ணுதான்னு வீட்டுக்காரர் அடிச்சு சொல்றார். பேர் லிஸ்ட் போட உக்காந்தாலே சண்டை. யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாதும்மா. வயிறு கூம்பா நிக்கிறதும் அகலமா பரவுறதும் உங்க வயித்து தசை எவ்ளோ இறுக்கமா இருக்கு, இது முதல் பிரசவமா, குழந்தை எந்தப் பக்கமா படுத்திருக்குங்கறதைப் பொறுத்தது, அது பையனா பொண்ணாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹார்ட் பீட் கதையும் அப்படித்தான், ஒம்பதாவது வாரம் வாக்குல 170 வரைக்கும் எகிறும், அப்புறம் 110ல இருந்து 160க்குள்ள வந்துடும், குழந்தை உருண்டு புரண்டா கூடும் தூங்கினா குறையும், அதை நம்பினா உங்க வீட்டுக்காரர் காலைல பொண்ணு, சாயந்திரம் பையன்னு மாத்தி மாத்தி சொல்லணும்! மசக்கை ஜாஸ்தின்னா பொண்ணுன்னு சொல்றதுல மட்டும் துளி விஷயம் இருக்கு, ஆஸ்பத்திரில சேர்க்கற அளவுக்கு வாந்தி எடுத்தவங்கள்ல பொண்ணு பெத்தவங்க கொஞ்சம் ஜாஸ்தின்னு ஆய்வு சொல்லுது, ஆனா கொஞ்சம்தான், அதை வச்சு பேர் வைக்க முடியாது. எப்படி ஊகிச்சாலும் பாதிப் பேர் ஜெயிக்கத்தானே போறாங்க, ஜெயிச்சவங்க ஊரெல்லாம் சொல்லுவாங்க, தோத்தவங்க கமுக்கமா இருந்துடுவாங்க, அதான் இந்த ஜோசியம் இன்னும் ஓடுது.

கேள்வி: ஏற்கனவே ரெண்டு பொண்ணு. "இதுவும் பொண்ணுன்னா உன்னாலதான்"னு பேசறாங்க. பையன் பேரை மட்டும்தான் யோசிக்கறாங்க.

பதில்: படிக்கவே கோவம் வருது. அம்மாவோட கருமுட்டைல எப்பவும் எக்ஸ் குரோமோசோம்தான், அப்பாவோட விந்தணுல வர்றது எக்ஸா ஒய்யாங்கறதுதான் விஷயம், எக்ஸ்னா பொண்ணு, ஒய்னா பையன். நெட்டி ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா மாவுப்புழுவோட செல்லை மைக்ரோஸ்கோப்ல பாத்து 1905லயே இதுக்கு வழி காட்டிட்டாங்க, உங்க வீட்டுக்கு இன்னும் சேதி வரல போல. அதுக்காக உங்க வீட்டுக்காரர் மேல பழி போடவும் வேணாம், அவரும் தேர்ந்தெடுத்து அனுப்பறதில்ல. உலகம் பூரா 100 பொண்ணுக்கு 105 பையன்ங்கற கணக்குல பிறக்குது, முதல் ரெண்டும் பொண்ணுங்கறதால அடுத்தது பையன்னு எந்த பாக்கியும் கிடையாது. பொண்ணு பேரையும் நீங்களே எழுதி வைங்க, ஆசையா.

கேள்வி: என்ன குழந்தைன்னு பிறக்கறவரைக்கும் தெரிஞ்சுக்கப் போறதில்ல. பேரை எப்படி முடிவு பண்றது?

பதில்: ரெண்டுக்கும் மூணு மூணு பேர் போதும், நீங்க வேணாம்னா அவர் வற்புறுத்தக் கூடாது, அவர் வேணாம்னா நீங்களும்தான். மகிழ், கதிர், தமிழ், யாழ் மாதிரி பேர்னா பையனுக்கும் ஓகே பொண்ணுக்கும் ஓகே. ஆனா 'ழ' வராத ஊர்ல வளரப்போற குழந்தைன்னா மகிழ் ஸ்கூல்ல 'மகில்' ஆயிடும், அது பரவால்லயான்னு பாத்துக்கோங்க. இனிஷியலோட சேத்து எழுதிப் பாருங்க, அடுத்த ரூம்ல இருந்து கத்திக் கூப்பிட்டுப் பாருங்க, சுருக்கி எப்படிக் கூப்பிடுவாங்கன்னும் யோசிங்க. முக்கியமா பிறக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா ஆளாளுக்கு ஒரு குறை கண்டுபிடிப்பாங்க, பேர் வச்சப்புறம்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. அவசரமும் இல்ல, பல இடங்கள்ல பேர் இல்லாமலே பிறப்பைப் பதிஞ்சுட்டு அப்புறமா சேத்துக்கலாம், கடைசித் தேதி எதுன்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.