ஒழுகும் மொட்டைமாடி: மறுபூச்சுக்கு முன் சாட்சியம்

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு 28 வயது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து வாட்டர் புரூபிங் செய்ய ஒரு கான்ட்ராக்டருக்கு 1,40,000 ரூபாய் கொடுத்தோம். ஐந்து வருஷம் கேரண்டி என்று வாயால் சொன்னார், பில் இல்லை. போன ஐப்பசியிலேயே ஒழுகியது. கேட்டால், "கான்கிரீட்டே பழசு" என்கிறார். வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் வேறு ஆளை இப்போதே மாடியில் ஏற்றாதீர்கள். புதுப் பூச்சு விழுந்தால் பழைய வேலையின் குறை அதற்கடியில் போய்விடும். பிறகு எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

முதலில் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து, தண்ணீர் கட்டிப் பார்த்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வாட்டம் வடிகுழாயை நோக்கி இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை ஒழுங்காகப் பூசியிருக்கிறாரா, விரிசலை அடைக்காமலே மேலே கெமிக்கல் அடித்துவிட்டாரா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். சரிசெய்ய ஆகும் செலவின் மதிப்பீடும் வேண்டும். கூரையில் கம்பி தெரிந்து சிமென்ட் உதிர்கிறதென்றால் அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டுத் தார்ப்பாய் விரிப்பதில் தவறில்லை.

"பழசு" என்ற வாதம் எளிதில் நிற்காது. பழைய தளம் என்று பார்த்துத்தானே விலை பேசினார்? தாங்காது என்றால் பணம் வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும். அப்படி அவர் எச்சரித்தும் நீங்கள் "மேல்பூச்சு போதும்" என்றிருந்தால் வழக்கு பலவீனப்படும். அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் நெல்லையில் பெருவெள்ளம் வரப் பெய்தது போன்ற மழை என்றால் இயற்கைச் சீற்றம் என்று அவர் சொல்லிப் பார்க்கலாம். வழக்கமான ஐப்பசி மழைக்கு அது பொருந்தாது.

பில் இல்லாததற்குக் கலங்க வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, வேலையைப் பார்த்த பக்கத்து வீட்டார், எல்லாம் சாட்சியம்தான்.

தபாலில் ஒப்புகையோடு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கான்ட்ராக்டர் வெளியூர்க்காரர் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஒழுகத் தொடங்கியதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால், "நானே மறுபடி செய்து தருகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்வதானால், என்ன பொருள், எத்தனை நாள், தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு என்று எழுதி, அதை ஆணையத்தின் உத்தரவாகவே வாங்குங்கள்.