'செக்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

செக் என்றால் சரிபார்ப்பது, தடுப்பது, வங்கிக் காசோலை, கட்டம் போட்ட துணி. எல்லாமே சதுரங்க ஆட்டத்திலிருந்து வந்தவை.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். ஆட்டத்தில் அரசனைத் தாக்கும்போது அதைச் சொல்லி எச்சரிப்பார்கள். அந்தச் சொல் அரபு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து செக் ஆனது. செக் வைத்தால் அரசன் நினைத்தபடி நகர முடியாது; அதனால் 'தடு', 'கட்டுப்படுத்து' என்ற பொருள். கட்டுப்படுத்தக் கண்காணிக்க வேண்டுமே, அப்புறம் அது 'சரிபார்' ஆகிவிட்டது. மோசடி நடக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட காசோலையின் அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு காசோலைக்கே போனது.

செக் சட்டைக்குப் பெயர் தந்தது பலகையின் கட்டங்கள். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் அரசாங்கக் கணக்குப் பார்த்தார்கள். அந்நாட்டுக் கருவூலத்தை இன்றும் 'எக்ஸ்செக்கர்' என்பது அதனால்தான்.

நாமும் வேட்டி கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், ஃபீஸ் கட்டுகிறோம், குழம்புவதில்லையே!

வங்கிக் காசோலைக்கு எழுத்து மாறுவதால் (check அல்ல, cheque) அது வேறு சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரிட்டிஷ் எழுத்துமுறை மட்டுமே, அமெரிக்கர்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.