ஆன்லைன் படிவத்தில் போன் நம்பர் கட்டம் எப்படி இருந்தால் நல்லது?

ஏற்காட்டில் தங்கும் விடுதிக்கு ஆன்லைன் பதிவுப் படிவம் போடுபவர்களுக்கு வரும் சந்தேகம் இது. கட்டம் என்பது எண்ணை எழுதித்தரும் இடம், அவ்வளவுதான். ஒரே கட்டமாக வையுங்கள். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றாகத் தட்டியே சலித்துப்போகும்.

போன் நம்பர் பார்க்கத்தான் எண். கூட்டவும் கழிக்கவும் அதில் ஒன்றுமில்லை. அது பெயரைப் போல ஓர் அடையாளம். சேலத்தின் எஸ்.டி.டி. கோடு 0427, ஏற்காட்டுக்கு 04281. கணக்கு எண்ணாகச் சேமித்தால் முன்னாலிருக்கும் 0 காணாமல் போய்விடும். அதனால் வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-இல் 'நம்பர்' (number) வகையை விட்டுவிட்டு, தொலைபேசி எண்ணுக்கான 'டெல்' (tel) வகையைப் போடுங்கள். மொபைலில் எண் விசைகளும் தானாக வந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் நம்பர் சொல்லிப் பாருங்கள். ஐந்தைந்தாகச் சொன்னாலும், முன்னால் +91 சேர்த்தாலும் கடைக்காரர் எழுதிக்கொண்டு ஒருமுறை திருப்பி வாசித்துக் காட்டுவார். "இடைவெளி விட்டீங்க, செல்லாது" என்று யாரையும் துரத்துவதில்லை. படிவம் மட்டும் ஏன் துரத்துகிறதோ! இடைவெளியையும் நடுவில் போடும் சிறு கோட்டையும் (-) நீக்குவது மென்பொருளுக்கு நொடி வேலை. நம்பர் எதற்கு என்று கட்டத்தின் அருகிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "அறை உறுதியானதும் அழைப்போம்".

பத்து இலக்கம் இருந்தால் அது மொபைல் நம்பர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 0 இல்லாமல் 427-உடன் ஏழு இலக்கம் சேர்ந்த சேலம் தரைவழி எண்ணும் பத்து இலக்கம்தான், அதற்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.